வைகாசி பத்து

சோழவந்தான் வீட்டுத் திண்ணையில் தினசரிக் காலண்டரைப் புரட்டியபடி அப்பாவும் நானும் கால்கரித் தோட்டத்துக்கு விதைக்கும் பட்டம் குறித்துக்கொண்டிருக்கிறோம். தை பிறந்து நான்கு நாள் ஆகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறார்கள். கனடாவில் நான் விட்டுவந்த தோட்டம் பனிக்குள் கிடக்கிறது.

கனடா போன முதல் வருடம் நான் செய்த தவறை அப்பா இன்னும் மறக்கவில்லை. அது மே முதல் வாரம். நான்கு நாளாக நல்ல வெயில், 22 டிகிரி. தக்காளி நாற்று 12, கத்தரி நாற்று 6 வாங்கிவந்து நட்டேன். கடையில் விற்கிறார்கள் என்றால் நடும் காலம் வந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? மறுநாள் இரவு மேகமும் இல்லை, காற்றும் இல்லை. அப்படிப்பட்ட இரவில்தான் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. விடிந்து பார்த்தால் இலைகள் வெந்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. போனில் அழுதேன். "நீ வெயிலைப் பார்த்து நட்டிருக்கிறாய் தாயி, மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை" என்றார்.

எங்கள் பக்கம் பட்டம் என்றாலே தண்ணீர்க் கணக்கு. அணை திறந்தார்களா, பெரியாற்று வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, ஐப்பசி மழை எப்படி என்பதுதான் பேச்சு. சூட்டுக்கு மதுரையில் என்றைக்குப் பஞ்சம்? கால்கரியில் தண்ணீர் குழாயில் வந்துவிடுகிறது, சூடுதான் அளந்து கிடைக்கிறது. கடைசி உறைபனிக்கும் அடுத்த உறைபனிக்கும் நடுவே சராசரியாக 110 முதல் 120 நாள். அதற்குள் பூத்துக் காய்க்க வேண்டும்.

வழி காட்டியது அப்பாதான். "கொடைக்கானலில் என்ன போடுகிறார்களோ அதை முதலில் போடு" என்றார். பட்டாணி, கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. மலைக்காய் என்று மதுரைச் சந்தையில் நாங்கள் வாங்கியதெல்லாம் அங்கே பிழைத்துக்கொண்டது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பட்டாணி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, வெங்காயம் ஊன்றுகிறேன். மண்ணில் 5 டிகிரி இருந்தால் பட்டாணி முளைத்துவிடும், லேசான உறைபனியையும் தாங்கும். கொத்தமல்லியும் அப்போதுதான். ஆனியில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டிவிடுவதால், தாமதித்து விதைத்தால் இலை பெருகுவதற்குள் பூத்துவிடுகிறது.

பீன்ஸுக்கு அந்த மண் ஆகாது. 15 டிகிரியாவது வேண்டும், இல்லையென்றால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். விரல் நீளத்துக்குக் குழி தோண்டி, உள்ளங்கையை வைத்துப் பத்து வரை எண்ணச் சொன்னார் அப்பா. கை விறைத்தால் விதைக்கக் கூடாது. வெப்பமானி வாங்கிய பிறகும் நான் கையை வைத்துத்தான் பார்க்கிறேன்.

தக்காளியும் மிளகாயும் கத்தரியும் வீட்டுக்குள் பிறக்க வேண்டியவை. மிளகாய், கத்தரி விதையை மாசி கடைசியில் தட்டில் போட்டு விளக்கு வெளிச்சத்தில் வளர்க்கிறேன், தக்காளியைப் பங்குனி கடைசியில். நாற்றை நேராகக் கொண்டுபோய் வெளியில் நடவும் கூடாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று பத்து நாள் பழக்க வேண்டும். விக்டோரியா தின விடுமுறை முடிந்த பிறகே அங்குள்ளவர்கள் நடுவார்கள். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை அது. அப்பா காலண்டரில் வைகாசி பத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார். அதற்குப் பிறகும் வானம் தெளிந்த இரவுகளில் பழைய வேட்டியால் செடிகளை மூடிவைக்கிறேன்.

கத்தரிக்காய்தான் இன்னும் பிடிபடவில்லை. விதைப் பொட்டலத்தில் 80 நாள் என்று போட்டிருந்தால், அது நாற்று நட்ட நாளிலிருந்து எண்ணும் கணக்கு. அதுவும் சூடான இரவுகளுக்கான கணக்கு. கால்கரியில் கோடையிலும் இரவு பல நாள் 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும், செடி அப்படியே நின்றுவிடும். ஆவணிக் கடைசியில் மறுபடியும் உறைபனி. போன வருடம் மூன்றே காய். அந்த மூன்றையும் ஒரே குழம்பில் போட்டேன். இந்த வருடம் தெற்குச் சுவரை ஒட்டி, கறுப்புத் தொட்டியில் வைக்கப்போகிறேன். பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் கொஞ்சம் திருப்பித் தரும்.

"ஆடிக்கு என்ன குறிக்க?" என்று அப்பா பேனாவோடு காத்திருந்தார். ஆடிப்பட்டம் தேடி விதைத்தே வளர்ந்தவருக்கு அந்த மாதத்தை வெற்றாக விட மனம் வரவில்லை. புரட்டாசியில் ஊன்றிவிட்டு வந்த பூண்டைப் பற்றிச் சொன்னேன். அது இப்போது பனிக்கடியில் உறங்குகிறது, அந்தக் குளிர் பட்டால்தான் பல் பிரியும்.

"பிடுங்குவது எப்போது?"

"ஆடிக் கடைசியில், அப்பா."

எழுதிக்கொண்டார்.