சரிவுப் பலகை வைத்து மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுத்தோம்

எங்கள் வீடு சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம், ஏற்காட்டு மலை அடிவாரம். கோடை மழை கொஞ்ச நேரம் அடித்தாலே மொட்டை மாடி நடுவில் தண்ணீர் தேங்கிவிடும். பழைய சுருக்கித் தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டது) அங்கங்கே அமுங்கி, படுக்கையறைக் கூரை வரை ஓதம் இறங்கியிருந்தது.

"மேலயே கலவை போட்டு வாட்டம் எடுத்துறலாம்ங்க" என்றார் மேஸ்திரி. வாட்டம் என்றால் தண்ணீர் வழிந்தோடக் கொடுக்கும் சரிவு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாடி 30 அடிக்கு 30 அடி. 80 அடிக்கு 1 அடி இறக்கம் என்று வைத்தால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குள் நாலரை அங்குலம் ஏற வேண்டும். அதைக் கலவையால் நிரப்பினால் பத்து டன்னுக்கு மேல் எடை. அதே சரிவை அடர்த்தியான தெர்மோகோல் பலகையில் அறுத்து வாங்கினால் சுமார் நூறு கிலோதான். சேலத்து வெயிலுக்கு அது வெப்பத்தையும் தடுக்கும். பொருள் பொதிய வரும் லேசான ரகம் இதற்கு ஆகாது, மிதித்தாலே அமுங்கும்.

எங்களுக்குச் சிக்கல் மாடிப்படி அறையின் வாசற்படியில் வந்தது. அது ஆறு அங்குல உயரம்தான். ஒரே பக்கச் சரிவு கொடுத்தால், மேடான பக்கம் பலகையும் அதன்மேல் போடும் இரண்டு அங்குலக் கலவையும் சேர்ந்து வாசற்படியைத் தாண்டிவிடும், மழைநீர் படிக்கட்டில் இறங்கும். அதனால் நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் இறக்கினோம். தண்ணீர் ஓடும் தூரம் 15 அடியாகக் குறைந்ததால் ஏற்றமும் இரண்டேகால் அங்குலமாகிவிட்டது. ஓரத்தில் ஒரு அங்குலப் பலகை, முகட்டில் மூன்றேகால். எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரில் மழைநீர் வெளியேறப் புதிதாக இரண்டு குழாய் வாய் துளைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொன்று. ஒரே சுவரில் இரண்டு குழாய் இருந்தால், அவற்றுக்கு நடுவே சுவரோரம் தண்ணீர் நின்றுவிடும். அந்த இடத்தில் ஆப்பு மாதிரி அறுத்த துண்டுகளை வைத்து இரு பக்கமும் தள்ளிவிட வேண்டும். வரைபடத்தில் இது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

பழைய சுருக்கியைப் பெயர்த்து இறக்கினோம். மேலே வரும் கலவையின் எடைக்கு அதனால் இடம் கிடைத்தது. தளம் நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம். ஈரத்தின்மேல் பலகையை ஒட்டினால் அந்த ஈரம் உள்ளேயே சிக்கி, திரும்ப அறைக்குள்தான் இறங்கும். ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதி, வரைபடப்படி ஒட்டினார்கள். அப்புறம் கம்பி வலை விரித்துக் கலவை, அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு. பூச்சைக் கைப்பிடிச் சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றி, சுவர் மூலையை வளைவாக மெழுகச் சொன்னோம். விரிசல் முதலில் அந்த மூலையில்தான் விழும்.

குழாய் வாய்களை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்த்தபின்தான் கூலிங் டைல்ஸ் ஒட்டினோம். இப்போது மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தளம் காய்ந்துவிடுகிறது. மே மாத இரவில் விசிறி அனல் வீசுவதும் குறைந்திருக்கிறது.

தண்ணீர்த் தொட்டியின் கால்களை மட்டும் பலகைமேல் நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் பலகையை விட்டுவிட்டு, தளத்திலிருந்தே கான்கிரீட் திண்டு எழுப்பி, பூச்சைத் திண்டின் மேலும் ஏற்றச் சொல்லுங்கள்.