அடுப்புச் சாம்பலில் கரி சலிக்கும் உருளை: நான்கு மாத அனுபவம்

சித்தி காலையில் மட்டும் இட்லிக்கடை நடத்துகிறார். மானாமதுரைப் பக்கத்தில் எங்கள் வீட்டு முன்வாசல்தான் கடை. விடிகாலை 4 மணிக்குப் பற்றவைக்கும் அடுப்பு 9 மணிக்குத்தான் ஓயும். எரிப்பது சீமைக்கருவேல விறகு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 கிலோ. மறுநாள் விடியுமுன் அடுப்பைக் கிண்டிச் சாம்பலை வாரிக் கொல்லைக் குழியில் கொட்டுவது என் பொறுப்பு.

மார்கழியில் ஒருநாள் இரவெல்லாம் நல்ல மழை. காலையில் குழியைப் பார்த்தேன். வெளுத்த சாம்பல் கரைந்து ஓடிவிட்டது. அடியில் கரித்துண்டுகள் மட்டும் கூழாங்கற்களைப் போலக் கழுவிப் படிந்து கிடந்தன. ஒரு கூடை நிறைய அள்ளினேன். நல்ல விறகு ஒரு கிலோ எரிந்தால் 3,500 முதல் 4,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். நன்றாக வெந்த கரியில் அது ஏறத்தாழ 7,000. விறகைவிட இரண்டு மடங்கு சூடு உள்ள பொருளைத் தினமும் குழியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கே சலிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

மணல் சல்லடையில் தொடங்கியது

கட்டட வேலைக்கு வாங்கிய மணல் சல்லடை வீட்டில் இருந்தது. அதைக் கையில் பிடித்து ஆட்டினேன். சாம்பல் மாவைவிட மெல்லியது. சின்னக் காற்றுக்கே எழும்பிவிடும். பக்கத்து வீட்டு அக்கா மாடியில் காயப்போட்டிருந்த மோர்மிளகாய் மீதெல்லாம் படிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, அத்தனையையும் நானே துடைத்துக் கொடுத்தேன். முகத்தில் துண்டு கட்டியிருந்தும் இரண்டு நாள் தொண்டை அறுத்தது. தூசி எழாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துப் பார்த்ததுதான் அதைவிடப் பெரிய தவறு. நனைந்த சாம்பல் களியாகிச் சல்லடைக் கண்களை அடைத்தது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது கரைந்து கடுங்காரமான நீராகிவிடும். என் விரல் நுனிகள் வெடித்துத் தோல் உரிந்தது. ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் சாம்பலைத் தொடுவதில்லை.

எண்ணெய் டின்னுக்குள் சல்லடைத் தட்டை வைத்து, மூடி போட்டுக் குலுக்கியது அடுத்த முயற்சி. தூசி அடங்கியது. ஆனால் கரி நொறுங்கியது. கட்டைவிரல் பருமனில் போட்ட துண்டு சுண்டைக்காய் அளவில் வெளியே வந்தது. குலுக்கினால் கரி கரியோடு மோதிக்கொள்கிறது. அடித்துச் சலிக்கிற பொருள் இல்லை இது என்று புரிய பத்து நாள் ஆயிற்று.

நிலக்கரியில் குளிர்காய்ந்த ஊர்களில் இது எவ்வளவு பெரிய வேலையாக இருந்திருக்கிறது என்பதை அப்போது படித்தேன். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் வீடு வீடாக அள்ளிய சாம்பலைப் பெரிய முற்றங்களில் மலையாகக் குவிப்பார்கள். பெண்கள் அந்தக் குவியலுக்கு நடுவே நின்று நாள் முழுதும் சலிப்பார்கள். எரியாத கட்டிகள் செங்கல் சூளைக்குப் போகும். மெல்லிய சாம்பல் செங்கல் மண்ணோடு கலக்கப்படும். வீடுகளுக்கென்று மூடியிட்ட பெட்டிகளும் வந்திருக்கின்றன. உள்ளே சல்லடை, வெளியே சுற்றுகிற கைப்பிடி. தூசி பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். அந்தப் படங்களைப் பார்த்தபோது எங்கள் ஊர் அரிசி ஆலை நினைவுக்கு வந்தது. அங்கேயும் உருளைதான் சுழலும். தவிடு ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம், முழு அரிசி ஒரு பக்கம். என் சாம்பலிலும் அதே மூன்றுதானே இருக்கின்றன.

உருளை கட்டியது (தை மாதம்)

200 லிட்டர் தகர டிரம் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, வெல்டிங் பட்டறையில் கொடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். ஒரு பாதிக்குக் கால் வைத்தேன். மறு பாதி கீல் வைத்த மூடி ஆயிற்று. உள்ளே சுழல்வது 10 அங்குல விட்டமும் 24 அங்குல நீளமும் உள்ள கம்பிவலை உருளை. முதல் 16 அங்குலத்துக்கு 3 மில்லிமீட்டர் கண், கடைசி 8 அங்குலத்துக்கு 10 மில்லிமீட்டர் கண். சுற்றளவுக்கு 31.5 அங்குலம் போதும். ஒன்றன்மேல் ஒன்று படிவதற்காக 33 அங்குலமாக வெட்டி, கட்டுக்கம்பியால் தைத்தேன். தையலின் முனைகளை வெளிப்பக்கம் மடக்கிவிட வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் கரியைக் கீறித் தூளாக்கிவிடும்.

சாம்பலைப் போடும் பக்கத்தைவிட, கரி வெளியேறும் பக்கத்தை ஒன்றரை அங்குலம் தாழ்த்தினேன். கீழே எண்ணெய் டின்களை 4 அங்குல உயரத்துக்கு வெட்டி மூன்று தட்டுகளாக வைத்தேன். தட்டுக்கு வெளியே சிந்தாமல் இருக்க இருபுறமும் தகரச் சரிவு. முதல் தட்டில் சாம்பல், நடுத்தட்டில் குருணைக்கரி, கடைசித் தட்டில் உருட்டுக்கரி. குருணைக்கரி என்ற பெயரை வைத்தது சித்தி.

அச்சுக்குப் பால் பேரிங் போட்டேன். மூன்றாம் நாளே இறுகிவிட்டது. உயவுப்பசையில் சாம்பல் ஒட்டி அரைத்த மாவு போல ஆகிவிடுகிறது. பேரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, காய்ந்த கருவேலங்கட்டை இரண்டில் துளை போட்டு, மெழுகுவர்த்தியை உருக்கித் துளைக்குள் தேய்த்தேன். மெழுகில் சாம்பல் ஒட்டவில்லை. இன்றுவரை அந்தக் கட்டைதான் ஓடுகிறது.

சுற்றுகிற வேகம் முக்கியம். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று. அதற்கு மேல் போனால் துண்டுகள் உயரே ஏறி விழுந்து உடைகின்றன. ஈர்க்கைப் போன்ற கரிச்சிம்புகள் வலைக் கண்ணில் குத்தி நிற்பது இன்னொரு தொல்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு பிடி ஈர்க்கை உருவி, மூடியின் உட்புறம் உருளையை உரசும்படி கட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அது கண்களைப் பெருக்கிவிடுகிறது. சலித்து முடித்த பிறகு மூடியை உடனே திறக்கக் கூடாது. கால் மணி நேரம் பொறுத்தால் தூசி படிந்துவிடும்.

எடை போட்டதும் கோணி புகைந்ததும்

ஒரு வாரம் தினமும் எடை போட்டேன். 20 கிலோ விறகுக்குச் சாம்பல் 400 கிராம் அளவில் வந்தது, உருட்டுக்கரி 350 கிராம், குருணை 100 கிராம். ஏமாற்றமாக இருந்தது. மழையில் பார்த்த அந்தக் குவியல் பல நாள் கரி என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. விடிகாலை சலித்த கரியை ஆறிவிட்டது என்று நம்பிக் கோணிச்சாக்கில் கட்டி, விறகுக் கொட்டகையில் வைத்திருந்தேன். இரவு 11 மணிக்குப் புகை நாற்றம். ஓடிப் போய்ப் பார்த்தால் சாக்கின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த வளையம், தீக்கொழுந்தே இல்லாமல் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. ஒட்டினாற்போல விறகு அடுக்கு, அதற்கு மேல் தென்னங்கீற்றுக் கூரை. சாக்கை வெளியே இழுத்துப் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன். கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. சாம்பல் போர்வை மாதிரி. அதற்குள் புதைந்த கங்கு ஒரு நாள் இல்லை, இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கரியைத் தகரத்திலோ மண்பாண்டத்திலோதான் வையுங்கள். கோணியும் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் ஆகாது.

மறுநாள் காலை அப்பத்தா என்னை அழைத்து, கருகிய சாக்கைக் காட்டிக் கேட்டார்.

"ஏனப்பா, கங்கை அடுப்பிலேயே விட்டுவிட்டு விடிந்த பிறகு கரியைத் தேடுகிறாயே, அது ராத்திரி முழுக்கத் தின்றுகொண்டுதானே இருக்கும்?"

அவர் காலத்தில் சமையல் முடிந்த கையோடு கங்கை இடுக்கியால் எடுத்துச் சட்டியில் போட்டு மூடிவிடுவார்களாம். மாலையில் குமுட்டி அடுப்புக்கு அந்தக் கரிதானாம். எனக்குச் சுரீர் என்றது. ஒரு மாதமாக வலையின் கண்ணையும் உருளையின் சரிவையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பு ஓய்ந்ததிலிருந்து மறுநாள் வாரும் வரை 18 மணி நேரம், சாம்பலுக்குள் கசிகிற காற்றிலேயே கரி கனிந்து தீர்ந்துகொண்டிருந்ததை நினைக்கவே இல்லை.

மானாமதுரையில் பாண்டத்துக்குப் பஞ்சமா? அகலமான வாயுள்ள பெரிய சட்டியும் அதற்குப் பொருந்தும் மூடியும் வாங்கி வந்தேன். கடைசி ஈடு இட்லி இறங்கியதும் அடுப்பில் கிடப்பதை, கங்கும் சாம்பலுமாக, நீண்ட பிடிக் கரண்டியால் வாரிச் சட்டியில் போட்டு மூடி, விளிம்பைச் சுற்றி ஈரமண் பூசினேன். மண் வெடித்தால் மறுபடி பூச வேண்டும். ஒரு கீறல் போதும், காற்று உள்ளே போய்விடும். இரண்டு நாள் கழித்துத் திறந்து, புறங்கையை அருகே வைத்துச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகே உருளைக்குப் போகும். இதற்காக இரண்டு சட்டிகளை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் எடை: உருட்டுக்கரி 810 கிராம். திரும்ப நிறுத்துப் பார்த்தேன், அதேதான். உருளையில் ஒரு கம்பியைக்கூட நான் மாற்றவில்லை. பத்து நாள் சராசரி 780 கிராம். சமையலுக்கு நடுவே கங்கை எடுத்திருந்தால் இன்னும் கூடியிருக்கும். அது சித்தியின் அடுப்பிலிருந்து சூட்டைத் திருடுவதாகிவிடும், கணக்கில் சேராது.

கரி எங்கே போகிறது

தெருமுனை இஸ்திரிக்காரரிடம் ஒரு டின் கொண்டுபோய்க் காட்டினேன். கரியைப் பார்க்காமல் முதலில் ஒரு துண்டை எடுத்துச் சிமெண்டுத் திண்ணையில் போட்டார். கிண் என்று ஓடு தட்டுகிற ஓசை வந்தது. தலையசைத்தார். இன்னொன்றைப் போட்டார், தொப்பென்று விழுந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டார். உடைத்துப் பார்த்தால் நடுவில் பழுப்பாக விறகு மிச்சம் இருந்தது. அப்படிப்பட்ட அரைவேக்காட்டுக் கரி புகையும், வெள்ளை வேட்டி மஞ்சளாகும் என்றார். நன்றாக வெந்த துண்டை உடைத்தால் குறுக்குவெட்டில் மரத்தின் வளையங்கள்கூட அப்படியே கறுப்பாகப் பளபளக்கின்றன. இட்லிக்கடையின் தேங்காய்ச் சிரட்டைகளையும் அடுப்பில் போடுவதால் கலந்து வரும் சிரட்டைக் கரியை அவர் தனியாகவே எடுத்துக்கொள்கிறார். பெட்டியில் வெகுநேரம் நிற்குமாம். இப்போது வாரம் இரண்டு முறை, ஓசை பார்த்துப் பிரித்த கரி அவருக்குப் போகிறது. எங்கள் வீட்டுத் துணிக்குக் காசு வாங்குவதில்லை.

குருணை பெட்டியில் காற்றை அடைத்துவிடும் என்று அவர் வாங்கவில்லை. அதை இடித்துச் சோற்றுக்கஞ்சியில் பிசைந்து எலுமிச்சை அளவில் உருட்டி நான்கு நாள் வெயிலில் காயவைக்கிறேன். சாணத்தில் பிசைந்தது புகைந்தது, விட்டுவிட்டேன். கஞ்சி உருண்டை மெதுவாக எரிகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடவும், சாம்பார் ஆறாமல் குமுட்டியில் வைக்கவும் போதும். குமுட்டியை எப்போதும் திறந்த வாசலில்தான் வைக்கிறோம். கதவு சாத்திய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நாற்றமே கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

நான் எதிர்பாராத நன்மை சாம்பலில் கிடைத்தது. 3 மில்லிமீட்டர் கண்ணில் இறங்கிய சாம்பலில் கட்டி இல்லை, ஆணி இல்லை. புளியோடு சேர்த்துச் சித்தி இட்லிக் கொப்பரையைத் துலக்குகிறார், கீறல் விழுவதில்லை. அப்பத்தா விதைத் தட்டைப்பயற்றில் கலந்து பானையில் கட்டியிருக்கிறார். கத்தரிச் செடியில் அசுவினி கண்ட இடத்தில் காலை ஈரத்தோடு தூவுகிறேன். யூரியாவோடு மட்டும் கலப்பதில்லை, தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும். உவர் மண் உள்ளவர்கள் நிலத்தில் போடவே வேண்டாம். பெயிண்ட் அடித்த பலகை எதுவும் எங்கள் அடுப்புக்குள் இனி போகாது, அதன் சாம்பலை நம்பிப் பாத்திரம் துலக்க முடியாது.

சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. 3 மில்லிமீட்டர் வலையும் 10 மில்லிமீட்டர் வலையும் சேரும் இடத்தில் தையல் இரண்டு விரற்கடை நீளத்துக்கு விட்டுப்போயிருக்கிறது. நடுத்தட்டில் உருட்டுக்கரியும் கலந்து விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு உருளையைக் கழற்றி, அந்த இடத்தில் தகரப் பட்டை ஒன்றைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கப் போகிறேன்.