குடித்திருந்தார் என்று சொல்லத் தயங்க வேண்டாம்

என் சித்தப்பா தையற்காரர். 2021 பிப்ரவரியில் ஓர் இரவு, கடையை அடைத்துவிட்டு ஒன்பதே முக்கால் மணியளவில் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து வந்த கார் ஒன்று மோதித் தூக்கியெறிந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 46. காரை ஓட்டியவர் மது அருந்தியிருந்தார் என்பதை அந்த இடத்தில் கூடிய அத்தனை பேரும் கண்டார்கள். அவரைக் காரிலிருந்து இறக்கியவர்கள் கைத்தாங்கலாகத்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் பிணவறை வாசலில் நாங்கள் காத்திருந்தபோது, எங்கள் மீது உண்மையான அக்கறை கொண்ட பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அவன் குடிச்சிருந்தான்ங்கிறதைப் பெரிசாப் பேசாதீங்க. அது எழுத்துல வந்துட்டா இன்சூரன்ஸ்காரன் கைவிரிச்சிடுவான். சித்திக்குக் காலணா கிடைக்காது" என்றார். இதே அறிவுரையை அடுத்த ஒரு மாதத்தில் மூன்று பேரிடமிருந்து கேட்டோம். நானும் அதை நம்பினேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு அந்த நம்பிக்கைதான் காரணம். அது தவறு, அதனால் எங்களுக்கு இழப்பும் ஏற்பட்டது. நான் வழக்குரைஞர் அல்லன். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சித்தியோடு நீதிமன்றப் படியேறியதில் கற்றதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரே விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன என்பதுதான். ஒன்று, காவல்துறை ஓட்டுநர் மீது தொடுக்கும் குற்ற வழக்கு. அதில் வாதி அரசு. நம் வீட்டார் சாட்சிகள் மட்டுமே. மற்றொன்று, இறந்தவரின் குடும்பத்தார் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், ஓட்டுநர், வாகன உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரர்களாக்கித் தாமே தொடுக்கும் வழக்கு. முதலாவதில் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். இரண்டாவதில், நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் மிகுதி என்று தீர்ப்பாயம் எடைபோட்டுப் பார்த்தால் போதும். ஆகவே குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையாகிவிட்டாலும் இழப்பீட்டு வழக்கு அதனால் விழுந்துவிடுவதில்லை. இந்த வேறுபாட்டை எங்களுக்கு எடுத்துச்சொல்ல எவரும் இல்லாததால், குற்ற வழக்கு முடிந்த பிறகுதான் இழப்பீடு கேட்க முடியும் என்று எண்ணிப் பல மாதங்களை வீணாக்கினோம்.

இனி, இரத்த மாதிரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் உடல் காத்திருப்பதில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்திலுள்ள ஆல்கஹால் சராசரியாக மணிக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் வழக்கில் ஓட்டுநரின் இரத்தம் விடியற்காலை நான்கு மணிக்குத்தான் எடுக்கப்பட்டது. தடய அறிவியல் ஆய்வக அறிக்கையில் இருந்த எண் 22. ஆறு மணி நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் மோதிய நேரத்தில் அது 110க்கும் மேல் இருந்திருக்கக் கூடும் என்று பள்ளி மாணவன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் அப்படிக் கணக்கிட்டுக் கருத்துரைக்கும்படி எந்த மருத்துவ வல்லுநரிடமும் எவரும் கேட்கவில்லை. 22 என்பது 30க்குக் கீழ். 185ஆம் பிரிவு குற்றப்பத்திரிகையிலிருந்து நீங்கியது.

சட்டத்தை இயற்றியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 202ஆம் பிரிவு, குடிபோதையில் ஓட்டியதற்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்றும், தவறினால் அவரைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் மோதிய நொடியிலிருந்து எண்ணப்படுவதில்லை, கைது செய்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. எங்கள் வழக்கின் ஆவணங்களில் கைது நேரம் அதிகாலை மூன்று மணி. தாளில் பிழை எதுவும் இல்லை. இடையில் கரைந்துபோன ஐந்து மணி நேரத்தைப் பற்றி எந்த ஆவணமும் பேசவில்லை. அந்த இரவில் எங்களில் ஒருவராவது காவல் நிலையத்துக்குச் சென்று, "ஊதவைத்துப் பார்த்தீர்களா, இரத்தம் எடுத்தாயிற்றா" என்று கேட்டிருந்தால்! நாங்களோ குடிப் பேச்சை எடுக்கவே கூடாதோ என்று அஞ்சி நின்றோம்.

அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை மும்பை வழக்கு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. 2006 நவம்பர் 12 அதிகாலையில், பாந்த்ராவின் கார்ட்டர் சாலை நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள் மீது கார் ஒன்று ஏறியதில் ஏழு பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவரின் இரத்தத்தில் ஆல்கஹால் 0.112 விழுக்காடு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் இருந்தது. விசாரணை நீதிமன்றம் அதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணமாக மட்டும் கருதி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின் கீழ் ஆறு மாதச் சிறை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியின் கீழ் மூன்றாண்டுச் சிறையாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இவ்விரண்டு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள கோடு "அறிந்திருத்தல்" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. கவனம் தவறியதால் ஓர் உயிர் போனால் அது 304ஏ. உச்ச அளவு இரண்டாண்டு. தன் செயலால் உயிர் போகக்கூடும் என்று அறிந்திருந்தும் அதைச் செய்தால் அது 304இன் இரண்டாம் பகுதி. உச்ச அளவு பத்தாண்டு. போதையில் ஓட்டியவர் கார்ட்டர் சாலைவாசி, அந்தப் பகுதியை நன்கு அறிந்தவர் என்பதையெல்லாம் நீதிமன்றம் சேர்த்துப் பார்த்தே "அறிந்திருந்தார்" என்ற முடிவுக்கு வந்தது. ஏழு உயிர்களுக்கு மூன்றாண்டு மிகக் குறைவு என்றும், தண்டனையைக் கூட்டக் கோரி மாநில அரசு மேல்முறையீடு செய்யாததால் தாங்கள் அதில் தலையிடவில்லை என்றும் நீதிபதிகள் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை முதன்முறை படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை என்பதால் குறைந்துபோன நீதி அது.

இன்று பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது 106(1); தண்டனை ஐந்தாண்டு வரை உயர்ந்திருக்கிறது. அறிந்தே செய்வது 105ஆம் பிரிவின் கீழ் வருகிறது. மோதிவிட்டுத் தகவல் தராமல் தப்பியோடுவோருக்குப் பத்தாண்டு வரை தண்டனை தரும் 106(2), லாரி ஓட்டுநர்களின் போராட்டத்தை அடுத்து நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. எங்கள் வழக்கு பழைய சட்டத்தின்படி 304ஏ பிரிவில் நடந்து, ஓட்டுநருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டு, இப்போது மேல்முறையீட்டில் இருக்கிறது.

அந்தப் பெரியவரின் அறிவுரைக்கு வருகிறேன். வாகனக் காப்பீட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சொந்த வாகனத்தின் சேதத்துக்கு; மற்றொன்று மூன்றாம் நபருக்கு. குடித்துவிட்டு ஓட்டியவர் தன் கார் நசுங்கியதற்குப் பணம் கேட்டால் நிறுவனம் மறுக்கலாம். 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அத்தகைய வழக்கு ஒன்றில் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பலர் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான். சாலையில் நடந்துசென்றவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் அல்லர். உரிமையாளர் மீறிய நிபந்தனைக்காக அவர் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகவே மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தீர்ப்பாயங்கள், "முதலில் குடும்பத்துக்குக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று ஆணையிடுகின்றன. 2023இல் கேரள உயர் நீதிமன்றம், ஓட்டுநர் குடித்திருந்த வழக்கு ஒன்றில் இதையே சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையிலுள்ள புதிய 150ஆம் பிரிவு, குடிபோதையையும் நிறுவனம் எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்பதால், இப்போது வழக்குத் தொடுப்பவர்கள் நல்ல வழக்குரைஞரை வைத்துக்கொள்வது அவசியம். ஆனால் அதற்கு அஞ்சி உண்மையை மறைக்கக் கூடாது. மறைத்தால் ஓட்டுநரின் பொறுப்புதான் இலேசாகிறது.

எங்கள் வழக்கில் நிறுவனத்தின் வழக்குரைஞர் ஒரே நேரத்தில் இரண்டு வாதங்களை வைத்தார்: ஓட்டுநர் குடித்திருந்தார், ஆகவே நாங்கள் பொறுப்பல்லர், நடந்துவந்தவர் சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நடந்தார், ஆகவே அவர் மீதும் பாதித் தவறு. சித்தியைக் கூண்டில் நிறுத்தி, "உங்கள் கணவர் நடைபாதையில் நடக்காமல் ஏன் தாரில் நடந்தார்?" என்று கேட்டார். "அங்க நடைபாதையே இல்லீங்க. சாக்கடைதான் இருக்கு. மூடியும் இல்ல" என்றார் சித்தி. குறுக்கு விசாரணையில் அதற்கு மேல் அந்தக் கேள்வி நகரவில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்புப் பொதுநல வழக்கில், நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியதைப் படித்தபோது சித்தியின் அந்த ஒற்றை வரியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஓட்டுநர் குடித்திருந்ததை நிறுவியது இரத்த அறிக்கையன்று. காயம்பட்ட நெற்றிக்குக் கட்டுப்போட அவரை அதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது, பணியிலிருந்த மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: மூச்சில் மது வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு. நேரம் இரவு 10.50. எங்கள் வழக்குரைஞர் அந்தப் பதிவேட்டையும் மருத்துவரையும் தீர்ப்பாயத்துக்கு வரவழைத்தார். தீர்ப்பாயத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

வருமானத்தை நிறுவுவது அதைவிடக் கடினமாக இருந்தது. சித்தப்பாவிடம் வருமான வரிக் கணக்கு கிடையாது. இருந்தது ஓர் அளவு நோட்டு. நீள்வடிவ நோட்டு, அட்டை பிய்ந்து, நூலால் தைக்கப்பட்டது. ஒவ்வொரு வரியிலும் பெயர், மார்பு, தோள், கை, உயரம், முன்பணம், கொடுக்க வேண்டிய தேதி. சில பக்கங்களில் துணியின் ஓரத்துண்டு ஒன்று குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு பள்ளிச் சீருடையின் அளவு, "வெள்ளி" என்ற குறிப்போடு நின்றுவிட்டது. அதை மனுதாரர் தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்தார்கள். தீர்ப்பாயம் மாத வருமானத்தை 15,000 ரூபாய் என்று ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2017இல் வகுத்த முறைப்படி, நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதுடைய சுயதொழிலாளிக்கு எதிர்கால உயர்வாக 25 விழுக்காடு சேர்த்தால் 18,750. மனைவி, இரு பிள்ளைகள், தாய் என நால்வர் சார்ந்திருந்ததால், அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. மீதியை ஆண்டுக்கணக்காக்கி, 46 வயதுக்குரிய பெருக்கு எண்ணான 13ஆல் பெருக்கியபோது 21,93,750 ரூபாய் வந்தது. துணையையும் தந்தையையும் மகனையும் இழந்ததற்கும் ஈமச்சடங்குக்கும் உரிய தொகைகளும், மனுச் செய்த நாளிலிருந்து 7.5 விழுக்காடு வட்டியும் அதனோடு சேர்ந்தன. நிறுவனம் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதுதான் ஆணை.

இப்போது இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனுச் செய்ய வேண்டும் என்ற வரம்பு சட்டத்தில் வந்திருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருந்தாலும், எங்களைப் போல் மாதங்களைக் கடத்த வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். மோதிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் பெறும் வழி மோட்டார் வாகனச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் உண்டு.

அளவு நோட்டு இன்னும் நீதிமன்றப் பதிவறையில்தான் இருக்கிறது. நிறுவனம் மேல்முறையீடு செய்வதற்கான 90 நாள் முடிந்த பிறகு, அசல் ஆவணத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம் என்று வழக்குரைஞர் சொல்லியிருக்கிறார். பணம் எப்போது வரும் என்று சித்தி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நோட்டு எப்போது வரும் என்று வாரம் ஒருமுறை கேட்கிறார்.