இரண்டு பிக்சல் இடைவெளி

2005இல் கோவையில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தபோது, ஒரு நூற்பாலையின் இணையதளத்துக்கு மெனு அமைக்கும் வேலை எனக்கு வந்தது. "அரை நாள் வேலைதான் தம்பி" என்றார் மூத்தவர். ஒன்பது நாள் பிடித்தது.

மெனு என்றால் அட்டவணைக் கட்டங்களில் படங்களை அடுக்குவது என்றே நான் கற்றிருந்தேன். அவர் அத்தனையையும் அழிக்கச் சொன்னார். "மெனு ஒரு பட்டியல். பட்டியலுக்கான குறி யுஎல், அதைப் போடு. உள்ளே ஒவ்வொரு வரிக்கும் எல்ஐ என்ற குறி, அதற்குள் இணைப்பு. துணைமெனு வேண்டுமென்றால் அந்த எல்ஐக்குள்ளேயே இன்னொரு யுஎல். அழகை, தோற்றத்துக்கென்றே இருக்கும் சிஎஸ்எஸ் மொழி பார்த்துக்கொள்ளும்." புள்ளிகளோடு திரையில் வந்த பட்டியல் மளிகைச் சீட்டைப் போல இருந்தது.

மவுஸ் சுட்டியை மேலே கொண்டுபோனால் துணைமெனு விரியும்படி சிஎஸ்எஸ்ஸில் எழுதினேன். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் விரிந்தது. ஆலையில் இருந்ததோ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6. இணைப்பின் மேல் சுட்டி வந்தால்தான் அதற்குத் தெரியும், எல்ஐயின் மேல் வந்தால் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் சில வரிகள் சேர்த்துச் சமாளித்தேன்.

ஆனாலும் ஆலை மேலாளர் தினமும் தொலைபேசியில் அழைத்தார்: "விரிகிறது, தொடப் போனால் ஓடிவிடுகிறது." என் கணினியில் ஒருமுறைகூட ஓடவில்லை. கடைசியில் நேரில் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். சுட்டியை மெல்ல, ஊசியில் நூல் கோர்ப்பவரைப் போல நகர்த்தினார். மெனுவுக்கும் துணைமெனுவுக்கும் நடுவே அழகுக்காக இரண்டு பிக்சல், அதாவது இரண்டு திரைப்புள்ளி அளவு, மார்ஜின் விட்டிருந்தேன். மார்ஜின் என்பது மெனு போன்ற ஒரு பக்க உறுப்புக்கு வெளியே இருக்கும் இடைவெளி. சுட்டி அங்கே வந்ததும் இரண்டுக்கும் சொந்தமில்லாமல் போக, துணைமெனு மூடிக்கொண்டது. என் கை வேகத்தில் அந்த இடைவெளி தெரியவே இல்லை. மார்ஜினை எடுத்துவிட்டு, உறுப்புக்கு உள்ளேயே இருக்கும் பேடிங்காக மாற்றினேன். தீர்ந்தது.

தொடுதிரைக் கைபேசிகள் வந்து, மேலே நிற்கும் சுட்டியே இல்லாமல் போனது வேறு கதை.

பல ஆண்டுகள் கழித்து, பார்வையற்ற சக ஊழியர் ஒருவர் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் கொண்டு நான் செய்த ஒரு மெனுவைச் சோதித்தார். முதலில் பட்டியல் என்று அறிவித்து எண்ணிக்கையும் சொன்னது, எனக்குப் பெருமைதான். பிறகு நிற்காமல் வாசித்துக்கொண்டே போனது. துணைமெனுக்களை உண்மையில் மறைக்காமல், திரைக்கு வெளியே இடதுபுறம் தள்ளி வைத்திருந்தேன். கண்ணுக்குத்தான் அவை இல்லை.

"ஒரு சேலை கேட்டால் கடையையே எடுத்துப் போடுகிறாயே" என்று சிரித்தார். அன்று மாலையே துணைமெனுக்களை முழுவதுமாக மறைத்து, ஒவ்வொன்றையும் திறக்க ஒரு பொத்தான் வைத்தேன்.