சந்நிதியிலிருந்து யாழ்ப்பாணத்து நாகர்கோவில் வரை: கதிர்காமப் பாதயாத்திரை நாட்குறிப்பு

மே 19, இரவு, தொண்டைமானாறு

இங்கேயுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்கு நடக்கும் யாத்திரையின் வேல் விடியப் புறப்படுகிறது. செல்வச்சந்நிதி மடத்தில் இடம்பிடித்துப் படுத்திருக்கிறோம். ஆற்றங்கரைக் காற்றுக்கு நுளம்பு குறைவு.

இரவுப் பூசையைக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது. பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, சத்தமாக ஒரு மந்திரமும் சொல்லாமல் பூசை செய்கிறார். ஆலிலையில் அமுது படைக்கிறார்கள். கதிர்காமத்திலும் வாய்கட்டிப் பூசைதான். மருதர் கதிர்காமர் என்ற அடியாரை முருகனே கதிர்காமத்துக்குக் கூட்டிப்போய், பூசை முறையைக் காட்டி, வேலும் கொடுத்து இங்கே திருப்பி அனுப்பினான் என்பது ஐதீகம். அப்படிப் பார்த்தால் இந்தப் பாதையின் இரண்டு முனையும் ஒரே சந்நிதானம்தான்.

கனபேர் முல்லைத்தீவில் சேர்கிறார்கள். இன்னும் கனபேர் கிழக்குக் கரையில் காட்டுவழி தொடங்கும் உகந்தை முருகன் கோயிலுக்கு பஸ்ஸில் போய், குமண, யால காட்டுவழியை மட்டும் நடக்கிறார்கள். அதுவும் யாத்திரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் போர்க்காலத்தில் அறுந்து கிடந்தது இந்த வடக்குத் துண்டு. ஆட்கள் நடக்காவிட்டால் அது திரும்பவும் வெறும் றோட்டாகிவிடும். அதனால்தான் இங்கேயிருந்தே நடப்பது என்று பிடிவாதமாக வந்தேன்.

மே 20, பருத்தித்துறை

வல்வெட்டித்துறை, பொலிகண்டி என்று கரையோர றோட்டால் வந்தோம். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்த அன்னபூரணி பாய்க்கப்பலைக் கட்டிய ஊர் வல்வெட்டித்துறை. இந்தப் பக்கம் மணற்கரை குறைவு, கற்பாறைக் கரை. அலை உள்ளே ஓடி வராமல் கல்லில் மோதி நின்றுவிடுகிறது.

படலைக்குப் படலை நிறைகுடம் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டு அம்மா, வேல் தாங்கி வந்த சாமியின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் மோர். “என்ர அப்பு இதால நடந்து போனவர் பிள்ளை. பிறகு பாதை இல்லாமப் போச்சு. நீங்கள் போறதைப் பார்க்க எனக்குக் காணும்” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை, கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

மத்தியானம் தும்பளை வீதியில் தெருமூடி மடம். வீதியின் மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் கல்தூணும் திண்ணையுமாகக் கட்டியிருக்கிறார்கள். நடந்து போகிறவன் வெயிலில் ஒதுங்க வழியைவிட்டு விலகவே வேண்டாம், வழியே வந்து மடத்துக்குள் நுழைகிறது. திண்ணைக் கல் குளிர்ந்து கிடந்தது. நடுவால் சைக்கிளும் ஓட்டோவும் போய்க்கொண்டிருக்க, அப்படியே அயர்ந்துவிட்டேன். வழிநடைக்காரனின் உடம்பு என்ன கேட்கும் என்று அறிந்தவர்கள் கட்டிய மடம். இதன் ஒரு கல்லும் கெடாமல் காப்பாற்ற வேண்டும்.

மே 21, மணற்காடு

வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டோம். மூலஸ்தானத்தில் சக்கரம்தான் மூர்த்தி. அப்புறம் முழுக்க மணல்.

கால் புதைகிறது, வேகம் பாதியாகிறது. பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலை வைக்க முடியாத சூடு. சவுக்கந்தோப்பில் மூன்று மணி வரை படுத்தோம். பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கின்றன. ஊர்ச் சனம் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து தந்தது. எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மே 22, நாகர்கோவில்

சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, தொடங்கிவிட்டது. மணல் பறந்து கண்ணை அறுக்கிறது, ஆனால் கடல் அடங்கியிருக்கிறது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேல் வருவதைக் கண்டதும் கயிற்றைப் பிடித்தபடியே “அரோகரா” என்றார்கள். அவர்களின் வாடிக் கொட்டிலுக்குள் மாதா படம். அதன் கீழே இருந்த அண்ணை தேத்தண்ணி தந்து, நூறு ரூபாயும் நீட்டினார்: “எங்கட பேரிலயும் ஒரு கற்பூரம் கொளுத்துங்கோ, சாமி.” அந்தத் தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.

2009க்கு முன் போர்முனைக் கோடு இந்த ஊருக்குள்தான் கிடந்தது. 1995 செப்டம்பர் 22 அன்று விமானக் குண்டுவீச்சில் பிள்ளைகள் இறந்த பாடசாலையும் இங்கேதான். அதன் வாசலில் வேலாயுதத்தை ஊன்றி வைத்து, தேவாரம் பாடினோம். பக்கத்து வீட்டிலிருந்து ஓர் ஐயா வந்து எங்களோடு நின்றார். பாடி முடியும்வரை நின்று, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். முருகனிடம் எனக்கென்று கேட்க வைத்திருந்ததை அந்த இடத்தில் கேட்கத் தோன்றவில்லை.

இரவு நாகதம்பிரான் கோயிலில் சோறும் பருப்பும். நாளை செம்பியன்பற்று, மருதங்கேணி. சேர விரும்புகிறவர்கள் மருதங்கேணிக்கு வரலாம். தண்ணீர்ப் போத்தல் இரண்டு, தலைக்கு ஒரு துவாய், ஒரு சாரம் அல்லது சேலை, இவ்வளவும் போதும். சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம், கரைச் சனம் பார்த்துக்கொள்ளும். விடிய நாலு மணிக்கு வேல் எழும்பும்.