புல்வெளி நடுவே நிக்கோடெமஸ்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து வடமேற்கில், சாலமன் ஆற்றின் தென்கிளையருகே நிக்கோடெமஸ் என்றொரு குட்டி ஊர். அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் 1877இல் கென்டக்கியிலிருந்து வந்து குடியேறிய இடம். குடியேற ஆள் சேர்க்க அச்சடித்த துண்டறிக்கையில் ஊரைப் பற்றி ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்! வீடு கட்ட மரம் ஏது? மண்ணைக் குடைந்து குழிவீடுகளில் வாழ்ந்தார்கள். 1878இல் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்க, தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார்களாம். அழுதேவிட்டார், பாவம்.

அப்புறம் கடைகள், பள்ளி, செய்தித்தாள் எல்லாம் வந்தன. ஆனால் 1888இல் ரயில்பாதை ஆற்றைத் தாண்டி ஊருக்கு வராமல் தெற்கேயே போய்விட்டது. கடைக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். ஒரு ஆற்றைத் தாண்டாததற்கு இவ்வளவு தண்டனையா?

இன்று அங்கே வசிப்பவர்கள் சொற்பம். ஜூலைக் கடைசியில் மட்டும் அன்று குடியேறியவர்களின் வம்சத்தினர் நாடெங்கிலுமிருந்து வந்து கூடுகிறார்கள்.