'டவுன்' (down) என்ற ஒரு சொல்லை வேரிலிருந்து படித்தபோது

ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் பலரும் ஃபிரேசல் வெர்ப் (வினையோடு 'டவுன்', 'அப்' போன்ற சிறு சொல் சேர்ந்து வரும் தொடர்) பட்டியலை மனப்பாடம் செய்துதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குப் பட்டியல் மனதில் ஒட்டவே இல்லை. ஒரே சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துப் படித்தபோதுதான் பிடிபட்டது. அப்படி முதலில் எடுத்த சொல், 'கீழே' என்று பொருள்படும் 'டவுன்'.

பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் குன்று. 'ஆஃப் டூனே' என்றால் குன்றிலிருந்து. அது சேர்ந்து தேய்ந்து 'அடூனே' ஆனது. பிறகு முதல் எழுத்தும் உதிர்ந்தது. மேட்டின் பெயரே கீழ்த்திசையைக் காட்டும் சொல்லாகிவிட்டது! தெற்கு இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. வாசிப்புப் பகுதியில் அந்தப் பெயர் வந்தால் தாழ்நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். பறவையின் மென்தூவிக்கும் 'டவுன்' என்றுதான் பெயர். ஆனால் அது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த வேறு சொல். அகராதியில் ஒரே சொல் 1, 2 என எண்ணிட்டுத் தனித்தனியாக இருந்தால், பெரும்பாலும் வேர் வேறு. அந்த எண்களைக் கவனித்துப் பழகுங்கள்.

இறங்குவது என்ற படம் மனதில் நின்றால் மற்றவை தானாகச் சேரும். 'ஸ்லோ டவுன்' என்றால் வேகம் இறங்குகிறது. 'ஹேண்ட் டவுன்' என்றால் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு வருகிறது. வீடு எரிந்து தரைமட்டமானால் 'பர்ன் டவுன்'. கடிதம் எரிந்து தீர்ந்தால் 'பர்ன் அப்'.

அப்புறம் இலக்கணம். மதிப்பெண் போவது இங்கேதான். 'ஹீ ரேன் டவுன் த ஹில்', 'ஹீ டர்ன்டு டவுன் த ஆஃபர்' (வந்த வாய்ப்பை மறுத்தான்) இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான். 'டவுன்' என்பதைக் கடைசிக்கு நகர்த்திப் பாருங்கள். 'டர்ன்டு த ஆஃபர் டவுன்' சரி. 'ரேன் த ஹில் டவுன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நகர்ந்தால் அது வினையோடு சேர்ந்தது, நகராவிட்டால் பிரிபொசிஷன், அதாவது பின்னால் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்ந்த முன்னிடைச்சொல். ஆஃபருக்குப் பதில் 'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'டர்ன்டு இட் டவுன்'. பிழை திருத்தும் கேள்வியில் இதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்து 'ஆஃப்' என்ற சொல்லை எடுங்கள். இன்று of, off என இரண்டு விதமாக எழுதப்படும் அது, பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்.